எல்லைக்கோட்டுக்கு வெளியே ஒரு பூங்குயில்

வெள்ளவத்தை,
12.11.2023

அன்புள்ள அண்ணனுக்கு,

துஷாந்தினி எழுதுவது. இங்கே நானும் அவரும் சுகம். மாமிக்குத்தான் சீனி வருத்தம் கூடுவதும் குறைவதுமாக இருக்கிறது. அண்ணிக்கு இடுப்பு வலி எப்படி? தேய்ப்பதற்கு அனுப்பிய எண்ணெய் கிடைத்ததா?

ஒரு காரியமாகத்தான் எழுதுகிறேன். பம்பலப்பிட்டியில் நான் வேலை செய்யும் கம்பெனிக்கு உங்கள் தோட்டத்துப் பக்கம் ஒரு வேலை வந்திருக்கிறது. தோட்டத்தை ஒட்டிய கறுப்புக்காட்டுக்குள் ஓடும் ஆற்றை மறித்துச் சிறிய மின்சார நிலையம் ஒன்று கட்டப் போகிறார்களாம். அதற்குக் காட்டின் நடுவால் ரோடு வெட்ட வேண்டும். வெட்டினால் அங்குள்ள மரம், மிருகம், பறவைகளுக்கு என்ன ஆகும் என்று அறிக்கை கொடுப்பது எங்கள் பொறுப்பு. பறவைப் பகுதி என்னுடையது.

நீங்கள் மல்கொஹா என்று சொல்லும் செம்முகப் பூங்குயில் இந்த நாட்டை விட்டால் உலகில் வேறெங்கும் இல்லை. சிங்கராஜப் பெருங்காட்டில் அது இருப்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் எங்களிடம் உள்ள வரைபடத்தில் அதன் எல்லைக்கோடு மலை முகட்டோடு நின்றுவிடுகிறது. முகட்டுக்கு இந்தப் பக்கம், உங்கள் காட்டில், அது இருப்பதாக யாரும் பதிவு செய்ததில்லை. நீங்கள் கண்டதாக முன்பு ஒரு தடவை எழுதியிருந்தீர்கள். விவரமாக எழுதுங்கள்.

ஜனவரியில் வருவோம். நான் உங்கள் தங்கச்சி என்று தோட்டத்தில் இப்போதைக்குச் சொல்ல வேண்டாம். சொந்தக்காரர் உள்ள இடத்தில் வேலை செய்யக் கூடாதென்று கம்பெனியில் ஒரு ஒழுங்கு இருக்கிறது. அண்ணியைக் கட்டி நீங்கள் அங்கே குடிபோன பிறகு நான் இரண்டு தடவைதானே வந்திருக்கிறேன், யாருக்கும் என்னை அடையாளம் தெரியாது.

தொழிலாளர் லயத்தில் போன் எடுபடாததால் கடிதம்தான் வசதி. பதிலை வழக்கம் போல, ஹொஸ்டலில் என்னோடு இருந்த டோரினின் கொட்டாஞ்சேனை விலாசத்துக்கே போடுங்கள். எங்கள் ஃபிளாட்டின் தபால் பெட்டிப் பூட்டு இன்னும் சரியில்லை.

அண்ணிக்கு என் அன்பு.

தங்கை,
துஷாந்தினி

*

அபர்லின் தோட்டம்,
26.11.2023

பாசமுள்ள தங்கச்சிக்கு,

அண்ணன் பெரியதம்பி எழுதிக்கொள்வது. நாங்கள் இருவரும் சுகம். உங்கள் எல்லோருடைய சுகத்துக்கும் மாரியம்மாளைக் கும்பிடுகிறோம். எண்ணெய் கிடைத்தது. ரஜனிக்கு வலி குறைவு, ஆனால் கொழுந்துக் கூடையை இறக்கும் நேரம் இன்னும் முகத்தைச் சுளிக்கிறாள்.

உன் கடிதத்தை மூன்று தடவை வாசித்தேன். நம் வீட்டுப் பிள்ளை இந்தக் காட்டைப் பார்த்து அறிக்கை எழுத வருகிறாள் என்பதை ஒருவரிடமும் சொல்லாமல் இருப்பது கஷ்டம்தான். ஆனாலும் சொல்ல மாட்டேன்.

மல்கொஹா விஷயம். நான் கங்காணியாக இருக்கும் பன்னிரண்டாம் நம்பர் மலை காட்டோடு முட்டி நிற்கிறது. ஆட்களை நிரையில் விட்டபின் எனக்குக் கொஞ்சம் நேரம் இருக்கும். கண்ட நாளையெல்லாம் ஒரு கொப்பியில் எழுதி வருகிறேன். பதினொரு வருடத்தில் நாற்பத்தொரு தடவை. அது தனியாக வராது. கரிச்சானும் தவிட்டுக் குருவிகளும் கூட்டமாகப் போகும்போது உச்சிக் கிளையில் சேர்ந்து போகும். சத்தமே போடாது. அதனால் காது கொடுத்துத் தேடுகிறவர்களுக்கு அகப்படாது, அண்ணாந்து நிற்க வேண்டும். முகம் குங்குமம் அப்பியது போல் இருக்கும், வால் நீளம், நுனி வெள்ளை. ஆணுக்குக் கண் பழுப்பு, பெண்ணுக்கு வெள்ளை. இது எனக்கு யாரும் சொல்லவில்லை. ஜோடியாக வரும்போது பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டது. சரியா என்று நீதான் சொல்ல வேண்டும்.

ஆற்றங்கரையில் இரண்டு பெரிய அத்தி மரங்கள் இருக்கின்றன. பழக்காலத்தில் அங்கேதான் அதிகம். கொப்பியை ஒழுங்காகப் பிரதி எடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன்.

எத்தனை நாள் தங்குவாய்? ரஜனி முன் அறைக்கு வெள்ளை அடிக்கச் சொல்கிறாள். பொழுது சாயும் நேரம் ஒருவரும் பார்க்காமல் வந்துவிட்டுப் போகலாம்தானே.

அன்புடன்,
அண்ணன்

*

வெள்ளவத்தை,
30.01.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

நீங்களும் அண்ணியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எனக்குத் தடிமன், வேறொன்றுமில்லை.

வந்தும் வீட்டுக்கு வர முடியாமல் போய்விட்டது. பதினெட்டாம் திகதி வந்ததிலிருந்து ஒரே மழை. எல்லோரும் ஒரே வாகனம், ஒரே பங்களா, தனியாக ஓர் இடமும் போக முடியவில்லை. இருபதாம் திகதி காலையே திரும்ப வேண்டியதாகிவிட்டது. அண்ணி மனம் நொந்திருப்பார். நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

உங்கள் பிரதி பத்திரமாக இருக்கிறது. கண்ணின் நிறம் பற்றி நீங்கள் எழுதியது முழுக்கச் சரி. அறிக்கை எழுத இன்னும் உட்காரவில்லை.

வேலை தலைக்கு மேல் கிடக்கிறது. பிறகு விரிவாக எழுதுகிறேன்.

துஷாந்தினி

*

அபர்லின் தோட்டம்,
11.02.2024

பாசமுள்ள தங்கச்சிக்கு,

உன் கடிதம் கண்டோம். இங்கே சுகம். தடிமன் குறைந்ததா? அன்று உன் சட்டை முழுக்க நனைந்திருந்தது. மாற்றுவதற்கு முன் வாகனத்தில் ஏறியிருப்பாய் போலிருக்கிறது. கொத்தமல்லி அவித்துக் குடி.

உன் பையில் இடப்பக்கத்து வார் தையல் விட்டிருக்கிறது. கையில் தூக்கும்போது கண்டேன். பாரமான சாமான் வைக்காதே, அறுந்துவிடும். சப்பாத்து தைப்பவரிடம் கொடுத்தால் இரண்டு நிமிட வேலை.

ரஜனி ஒன்றும் நினைக்கவில்லை. பலாக்கொட்டை போட்டுக் கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தாள், பக்கத்து வீட்டுக்கும் கொடுத்தோம்.

நீங்கள் போன பிறகு இரண்டு தடவை கண்டேன். பெப்ரவரி மூன்று, ஜோடி. பெப்ரவரி எட்டு, பெண் மட்டும், அலகில் சுள்ளி இருந்தது. கூடு கட்டுகிறது போலும். இதையும் சேர்க்க முடியுமென்றால் சேர்த்துக்கொள்.

மாமியின் சீனி வருத்தம் எப்படி? கேட்டதாகச் சொல்.

அண்ணன்

*

அபர்லின் தோட்டம்,
21.04.2024

தங்கச்சிக்கு,

நலமறிய ஆவல். சித்திரைப் புத்தாண்டுக்கு உன் கடிதம் வருமென்று பார்த்தோம், வரவில்லை. வேலை கூடவாக இருக்கும்.

போன கிழமை நாலு பேர் வந்து ஆற்றங்கரை மரங்களுக்குச் சிவப்புப் பெயின்ட் அடித்துவிட்டுப் போனார்கள். அத்தி இரண்டுக்கும் அடித்திருக்கிறார்கள். "எதுக்குங்க ஐயா இது?" என்று கேட்டேன். ரோட்டுக்கு அளவு என்றார்கள். அறிக்கை முடிந்துவிட்டதா? மல்கொஹா இருப்பதாக எழுதினால் ரோட்டை விலத்தி எடுப்பார்கள் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஒரு வரி எழுது.

அண்ணன்

*

வெள்ளவத்தை,
09.05.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

புத்தாண்டுக்கு எழுதாததற்கு மன்னியுங்கள். எல்லோரும் நலம். அண்ணிக்குச் சத்து மாத்திரைப் போத்தல் ஒன்று அனுப்புகிறேன். காலையில் சாப்பிட்ட பின் ஒன்று.

அறிக்கை கொடுத்தாகிவிட்டது. அது பல பேர் சேர்ந்து எழுதுவது, அண்ணா. நான் எழுதுவதை மேலே உள்ளவர்கள் திருத்துவார்கள். ஒரு பறவையின் பரம்பல் எல்லையை ஓர் அறிக்கையில் மாற்றிவிட முடியாது. அதற்குப் பல வருடப் பதிவுகளும் பயிற்சி பெற்றவர்களின் உறுதியும் வேண்டும். உங்கள் குறிப்புகளைச் சேர்த்திருக்கிறேன். முடிவெடுப்பது அதிகாரிகள்.

பெயின்ட் அடித்தால் உடனே வெட்டுவார்கள் என்றில்லை. கவலைப்பட வேண்டாம்.

துஷாந்தினி

*

அபர்லின் தோட்டம்,
14.07.2024

தங்கச்சி துஷாந்தினிக்கு,

நாங்கள் சுகம். ரஜனி மாத்திரையைச் சாப்பிடுகிறாள்.

அறிக்கையைப் பொதுமக்கள் பார்க்கலாம், முப்பது நாளுக்குள் ஆட்சேபம் சொல்லலாம் என்று பிரதேச செயலகத்தில் நோட்டீஸ் போட்டிருந்தார்கள். ஜூன் மாதம் அரை நாள் லீவு போட்டுப் போனேன். சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் வைத்திருந்தார்கள். தமிழ்ப் புத்தகத்தை எடுத்து உட்கார்ந்தேன்.

பறவைப் பகுதியின் கீழே உன் பெயரும் கையெழுத்தும் இருந்தன. வரைபடத்தில் பச்சை நிறம் முகட்டோடு நிற்கிறது. நம் காட்டுக்கும் அதற்கும் சுண்டுவிரல் அகலம் கூட இல்லை. கீழே எழுதியிருந்ததைத் துண்டில் எழுதிக்கொண்டு வந்தேன்: "செம்முகப் பூங்குயில் இப்பகுதியில் காணப்படவில்லை. தோட்டத் தொழிலாளி ஒருவர் வாய்மொழியாகத் தந்த தகவல், பறவைகளை இனங்காணும் பயிற்சி அற்றவரிடமிருந்து கிடைத்ததால் கருத்தில் கொள்ளப்படவில்லை."

நான் எழுதியல்லவா தந்தேன்.

இது மேலே உள்ளவர்கள் திருத்தியதாக இருக்கும் என்று ரஜனியிடம் சொன்னேன். அவள் துண்டைத் திருப்பித் தந்துவிட்டுக் கூடைக்குக் கயிறு மாற்றத் தொடங்கினாள்.

நான் ஆட்சேபம் எழுதிக் கொடுத்தேன், கொப்பியையும் கொடுத்தேன். ஜூலை இரண்டாம் திகதி விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். மரியாதையாகத்தான் பேசினார்கள். கடைசியில் ஓர் ஐயா, அறிக்கை எழுதிய மிஸ்ஸைத் தெரியுமா, ஏதும் கோபதாபம் உண்டா என்று சிங்களத்தில் கேட்டார். "தன்னெ நே" என்றேன். தெரியாது என்றுதான் சொல்லிவிட்டேன். சொந்தம் இருந்தால் கம்பெனியில் பிரச்சினை என்று நீ எழுதியது மனதில் இருந்தது. நம் அம்மா வயிற்றில் பிறந்தவளைத் தெரியாது என்று கையெழுத்தும் போட்டேன்.

அதற்கிடையில் மண் பரிசோதனைக்கு மெஷின் இறக்க வேண்டுமென்று ஆற்றுக்கு ஒரு பாதை வெட்டிவிட்டார்கள். அத்தி இரண்டும் விழுந்துவிட்டன. ஜூன் பதினேழுக்குப் பிறகு நான் மல்கொஹாவைக் காணவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

பெரியதம்பி

*

வெள்ளவத்தை,
25.08.2024

அண்ணா,

சுகம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. உங்கள் கடிதம் வந்து ஐந்து கிழமை. நாலு தடவை எழுதிக் கிழித்தேன். இதைத் திரும்ப வாசிக்காமல் தபாலில் போடப் போகிறேன்.

அந்த வரிகளை மேலே உள்ளவர்கள் எழுதவில்லை. நான் எழுதினேன்.

கம்பெனியில் சொந்தக்காரர் பற்றி ஒழுங்கொன்றும் இல்லை. தபால் பெட்டிப் பூட்டும் உடையவில்லை. உங்கள் கடிதத்தின் பின்பக்கத்தில் லயம் என்று எழுதியிருப்பதை மாமி கண்டுவிடுவாரென்றுதான் டோரினின் விலாசத்தைத் தந்தேன். போனில் உங்களோடு கதைத்தால் என் பேச்சு நம் தோட்டத்துப் பேச்சாக மாறிவிடும், மாமி கேட்டுவிடுவார். என் கல்யாணத்தின்போது மாமி வீட்டாரிடம் உங்களைத் தோட்டத்து உத்தியோகத்தர் என்று சொல்லிவைத்தேன். நீங்கள் இரவல் கோட்டுப் போட்டு வந்து, ஒன்றும் கேட்காமல் அப்படியே நின்றீர்கள்.

பத்தொன்பதாம் திகதி பங்களா விறாந்தையில் நடந்ததை நாம் இருவரும் எழுதவில்லை. மனேஜர் உங்களைக் கூப்பிட்டு "மிஸ்ஸோட பையத் தூக்கிட்டு வா" என்றார். நீங்கள் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு, அட்டை கடித்த கால்களோடு படியில் நின்றீர்கள். என்னைப் பார்த்துச் சிரித்தீர்கள். என் மேலதிகாரி றேமண்ட் அதைக் கண்டுவிட்டு, "தெரிஞ்ச ஆளோ?" என்று கேட்டார். "இல்லை" என்றேன். நீங்கள் வாகனம் வரை வந்து பையை வைத்தீர்கள். நான் உங்களுக்கு "தேங்க் யூ" என்றேன். அண்ணா, அந்தச் சொல் என் வாயிலிருந்து வந்ததை இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

இதைவிட மோசமானது ஒன்று இருக்கிறது. மறுநாள் காலை ஆறு நாற்பதுக்கு மழை விட்டிருந்தது. மற்றவர்கள் தேநீர் குடித்துக்கொண்டிருக்க நான் மட்டும் ஆற்று வளைவுக்கு இறங்கினேன். அத்தி மரத்தில் ஜோடியாக இருந்தன. பைனாகுலரில் பெண்ணின் வெள்ளைக் கண் தெரிந்தது. ஏழு நிமிடம் பார்த்தேன். நேரம், மரம், உயரம் எல்லாம் வெளிக்களக் கொப்பியில் எழுதினேன். வாகனத்தில் ஏறுமுன் அந்தப் பக்கத்தைக் கிழித்துச் சட்டைப் பையில் வைத்தேன்.

அறிக்கையில் அதை எழுதினால் உங்கள் நாற்பத்தொரு பதிவுகளையும் சேர்க்க வேண்டிவரும். சேர்த்தால் எழுதியவரோடு கதைக்க வேண்டும் என்பார்கள், யார், எப்படித் தெரியும் என்பார்கள். மாத முடிவுக்குள் அறிக்கை வேண்டுமென்று றேமண்ட் சேர் அவசரப்படுத்தினார், உண்மைதான். ஆனால் பொய் எழுதச் சொல்லவில்லை. யாரும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் பன்னிரண்டாம் திகதி கிழித்த பக்கத்தையும், நடந்தது முழுவதையும், நீங்கள் என் அண்ணன் என்பதையும் எழுதி அதிகாரிகளுக்கு அனுப்பினேன். ஒரு பிரதியைக் கம்பெனிக்குக் கொடுத்தேன். மறுநாள் வேலை போய்விட்டது. இனி யாரும் என் கையெழுத்தை நம்பிப் பறவை எண்ணச் சொல்ல மாட்டார்கள். அது சரிதான்.

அன்று மாலை வீட்டில் சொன்னேன். அவர் இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. மாமி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். நான் எல்லாம் சொல்லி முடிக்கும்வரை உரித்தார். பிறகு, "ஏன் பிள்ளை, என்னை ஆரெண்டு நினைச்சுக்கொண்டு இவ்வளவு காலம் இந்த வீட்டில இருந்தனி?" என்று கேட்டார். பதினொரு வருடமாக ஒரே குசினியில் நின்றிருக்கிறோம்.

இனி வெள்ளவத்தை விலாசத்துக்கே எழுதுங்கள், எழுத மனம் வந்தால்.

துஷாந்தினி

*

அபர்லின் தோட்டம்,
22.09.2024

துஷாந்தினிக்கு,

சுகம். மழை தொடங்கிவிட்டது.

உன் கடிதத்தை ரஜனிக்கு வாசித்துக் காட்டினேன். பாதியில் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். நான் சத்தமாக வாசித்தேன், அங்கேயும் கேட்டிருக்கும்.

ரோட்டு வேலையை நிறுத்திவைத்திருக்கிறார்கள். வேறு ஆட்களைக் கொண்டு ஒரு வருடம் திரும்பப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்களாம். அந்த ஆட்களில் டெனிஷா என்று ஒரு பிள்ளை வந்தது. கொப்பியைப் பார்த்துவிட்டு, "நீங்களும் எங்களோட வர ஏலுமா?" என்று கேட்டது. ஞாயிறுகளில் போகிறேன். இதுவரை ஒன்றும் காணவில்லை.

ஒன்று சொல்ல வேண்டும். விறாந்தையில் நீ இல்லை என்று சொன்னபோது எனக்குக் கோபம் வரவில்லை. நீ சொல்வதற்கு முந்தியே என் காலைப் பார்த்து எனக்கே வெட்கமாகிவிட்டது. நான் அப்போதே "ஆமாங்க, என் தங்கச்சி" என்று சொல்லியிருக்கலாம். எனக்கும் வாய் இருந்தது. அதை நினைத்தால் எனக்கு ஆறவில்லை. ஆனால் அறிக்கை வேறு. அதை உட்கார்ந்து யோசித்து எழுதியிருக்கிறாய். அதற்கு நான் என்ன சொல்வது? அத்தி மரம் இனி எழும்பாது.

வருவதென்றால் வா. என்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டாம். ரஜனியிடம் நீயே பேசு.

அண்ணன்

*

வெள்ளவத்தை,
03.11.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். உங்கள் இருமல் குறைந்ததா? மாமியும் அவரும் உங்களைச் சுகம் விசாரிக்கிறார்கள். அடுத்த தடவை தானும் வரப்போவதாக மாமி சொல்கிறார். படியேற முழங்கால் விடாது என்று சொல்லிப் பார்த்தேன், கேட்பதாக இல்லை.

நீங்கள் காலையில் ஆட்களை வேலைக்குப் பிரிக்கும் பிரட்டுக்குப் போயிருந்தபோது தண்ணீர்ப் பீலியடியில் அண்ணியோடு பேசினேன். மன்னிப்புக் கேட்டேன். அவர் நிரம்பும்வரை குடத்தைப் பீலிக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு, "அன்னைக்குப் பையத் தூக்கி வச்சிட்டு வந்து சோறு வேணாம்னுட்டாரு. என்னாங்க ஆச்சுன்னு கேட்டேன். 'அவ ரொம்ப மெலிஞ்சு போயிட்டா'ன்னாரு. வேற ஒண்ணுமே சொல்லல" என்றார். பிறகு குடத்தை என் இடுப்பில் வைத்தார். மன்னித்துவிட்டாரா என்று எனக்குத் தெரியவில்லை. வீடுவரை நான்தான் தண்ணீரைக் கொண்டுவந்தேன்.

மூன்று நாளும் நாம் காட்டில் அண்ணாந்து நின்றதை நினைத்துக்கொண்டிருக்கிறேன். கரிச்சான் வந்தது, தவிட்டுக் குருவிகள் வந்தன, கூட்டம் அந்த வெட்டு வெளியின் ஓரம்வரை வந்து திரும்பிப் போனது. நாம் தேடியது அதில் இல்லை. நீங்கள் என்னை ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

இறங்கும்போது டெனிஷா படிவத்தை என்னிடம் நீட்டினார். நான் எழுதலாமா என்று கேட்டேன். "கூட நிண்டனீங்கள்தானே, எழுதுங்கோ" என்றார். ‘காணப்படவில்லை’ என்ற சொல்லை எழுத எனக்கு வெகுநேரம் பிடித்தது. இந்தத் தடவை அது உண்மை.

கீழே, பார்த்தவர்கள் என்ற இடத்தில் முதலில் உங்கள் பெயரையும் அடுத்து என்னுடையதையும் எழுதினேன். பக்கத்தில் அண்ணன், தங்கை என்று போட்டேன். அந்தப் படிவத்தில் உறவுமுறைக்கு இடமில்லை. டெனிஷா வாசித்துவிட்டு மடித்து வைத்துக்கொண்டார்.

உங்கள்,
துஷாந்தினி